தோட்டத்தை ஒட்டிய ஊரில் விளையாட்டுவழிப் பாலர் பள்ளி: பதிவு நாள் முதல் ஆண்டிறுதி வரை

பாலர் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுத வைப்பீர்கள், டீச்சர்?" மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்ப வரலாறே நிற்கிறது. கேட்பவரின் தாய் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவர் லயத்தை, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து, ஆலையிலோ கடையிலோ வேலை செய்கிறார். பிள்ளையாவது மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை எந்த வழியாக எழுத்துக்கு வந்து சேரும் என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

தமிழ்ப்பள்ளி வளாகத்திலோ, கோயில் மண்டபத்திலோ, கடைவீட்டின் கீழ்த்தளத்திலோ இருபது, இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாலர் பள்ளி நடத்தும் ஆசிரியைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம், படித்தால் ஆசிரியைகளின் பாடு பாதி குறையும்.

படி 1: பதிவு நாளுக்கு முன்பே பெற்றோரைக் கூட்டுங்கள்

வகுப்பு தொடங்கிய பிறகு கொடுக்கும் விளக்கம் சாக்குப்போக்காகத்தான் காதில் விழும். முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட்டத்தை மாலையில் வையுங்கள். காலையில் வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். பாட்டிகளையும் அழையுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பாட்டிதான். "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று வாசலிலேயே கேட்பவரும் அவர்தான்.

முதலில், விளையாட்டின் வழியாகக் கற்பிப்பது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்ற எண்ணத்தைப் போக்குங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியையும் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2010இல் அறிமுகமாகி 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம், விளையாட்டின் வழிக் கற்றலை வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. இப்போது நடப்பில் இருக்கும் கலைத்திட்ட ஆவணத்தை அச்செடுத்து மேசை மேல் வையுங்கள். யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் அது அங்கே இருக்க வேண்டும்.

"இதெல்லாம் புதிய மோகம்" என்று யாராவது சொன்னால், ஃப்ரிட்ரிக் ஃப்ரோபெல் ஜெர்மனியில் பந்துகளையும் மரக்கட்டைகளையும் வைத்துச் சிறுவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியது 1837இல் என்று சொல்லலாம். அவருடைய பாலர் தோட்டங்களை (கிண்டர்கார்டன்) பிரஷ்ய அரசு 1851இல் தடைசெய்து, 1860இல்தான் தடையை நீக்கியது. ஓர் அரசாங்கமே சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டு பயந்திருக்கிறது. நம் ஊர் அப்பா பயப்படுவதில் வியப்பில்லை.

கடைசியாக, ஆண்டிறுதியில் பிள்ளை என்னென்ன செய்யும் என்று சொல்லுங்கள். கேட்ட கதையைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லும். தன் பெயரை எழுதும். பத்துப் பொருளைப் பிழையின்றி எண்ணி எடுத்துக் கொடுக்கும். கத்தரிக்கோல் பிடிக்கும். தன் முறை வரும்வரை காத்திருக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை மலாயிலும் கேட்கும். "எழுத்தே கிடையாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை, கூட்டமும் அத்தோடு கலைந்துவிடும்.

படி 2: பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள்

புத்தகத்தில் படிப்பதை விட, உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே மாதிரியான இரண்டு குவளைகளில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்டதும், ஒரு குவளைத் தண்ணீரை அதன் கண் முன்னாலேயே உயரமான மெல்லிய கிளாசில் மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமான கிளாசைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே இப்படிப்பட்ட சோதனைகளின் வழியாகத்தான், ஏறக்குறைய ஏழு வயது வரை பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை நம்பி முடிவெடுக்கிறது என்று காட்டினார். "இரண்டும் ஒன்றுதான்" என்று பத்து முறை சொல்லிக் கொடுத்தாலும் பிள்ளை உங்களுக்காக ஒப்பிக்கும், நம்பாது. கையால் ஊற்றி, சிந்தி, திரும்ப ஊற்றிப் பார்த்துத்தான் நம்பும்.

எண்ணும் அப்படித்தான். ஒன்று முதல் ஐம்பது வரை பாட்டாகப் பாடும் பிள்ளையிடம், "எனக்கு ஆறு மூடி கொடு" என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் கைநிறைய அள்ளித் தரும். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற மூன்றும் தனித்தனி அறிவு. ரோஷல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் இவற்றைத் தெளிவாக வகுத்தார்கள். ஒப்பித்தலால் இரண்டாவது மட்டும்தான் வரும்.

ரஷ்யாவின் லெவ் வைகோட்ஸ்கி சொன்னது இன்னொன்று. தனியாகச் செய்ய முடியாத ஒன்றை, கொஞ்சம் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை செய்துவிடும். அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது. ஆகவே பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு ஆசிரியை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அதற்கு விளையாட்டுவழிக் கல்வி என்று பெயர் வைக்க முடியாது.

படி 3: இடத்தைப் பிரியுங்கள், பொருளைச் சேருங்கள்

ஒரே அறைதான் என்றாலும் தாழ்ந்த அலமாரிகளை வைத்து மூலைகளாகப் பிரிக்கலாம். கட்டைகளுக்கு ஒன்று, வீடு அல்லது கடைக்கு ஒன்று, புத்தகத்துக்குப் பாயும் தலையணையும் போட்ட அமைதியான ஒன்று, வெட்டி ஒட்ட ஒன்று. மணலும் தண்ணீரும் வெளியே, கூரைக்குக் கீழே இருக்கட்டும். ஆசிரியை எங்கே நின்றாலும் எல்லா மூலையும் கண்ணில் பட வேண்டும்.

பொருளுக்குப் பெரிய செலவு வேண்டாம். மைலோ டின், பால் டின், முட்டை அட்டை, போத்தல் மூடி, துணிக் கிளிப், தேங்காய்ச் சிரட்டை, பழைய தராசு, தச்சுப் பட்டறையில் மீந்து கிடக்கும் பலகைத் துண்டுகள் ஆகியவற்றைப் பெற்றோர் வாரந்தோறும் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். பலகைத் துண்டுகளை மட்டும் உப்புத்தாள் கொண்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள். காசு செலவழிப்பதாக இருந்தால் நல்ல மரக்கட்டைத் தொகுப்பு ஒன்றுக்குச் செலவழியுங்கள். பொத்தானை அழுத்தினால் தானே பாடும் பொம்மைக்கு வேண்டாம். பொம்மை பாடும்போது பிள்ளை வேடிக்கை பார்க்கிறது, அவ்வளவுதான்.

தோட்டத்திலிருந்து எதையெல்லாம் உள்ளே விடலாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ரப்பர் விதை பார்க்க அழகாக இருக்கும். நம் பாட்டிமார் அதை வைத்து விளையாடியும் இருப்பார்கள். ஆனால் பச்சையாகத் தின்றால் நச்சு, வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு அது வேண்டாம். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் முள் ஆழமாகக் குத்தும். ஈர்க்குச்சியை முனை மழுக்கிக் கொடுக்கலாம். களைக்கொல்லியோ உரமோ இருந்த தோம்பும் (பீப்பாயும்) போத்தலும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. "நன்றாகக் கழுவிவிட்டேன், டீச்சர்" என்று யாராவது அன்போடு கொண்டுவருவார்கள். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படி 4: காலையைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள்

நான்கு மணி நேர வகுப்பில் இருபது நிமிடத்துக்கு ஒரு பாடம் என்று அட்டவணை போட்டால் எந்த விளையாட்டும் முளைவிடாது. பிள்ளைகள் யார் என்ன வேடம் என்று பேசி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். அதற்கு முன் சிறிய வட்டத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த மூலை, என்ன செய்யப் போகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். முடிந்த பிறகு மறுபடி வட்டம், என்ன செய்தாய் என்று கேள்வி. திட்டமிட்டதைச் செய்துவிட்டு அதைப் பற்றித் திரும்பப் பேசும் பிள்ளைக்கு நினைவும் மொழியும் சேர்ந்து வளர்கின்றன. மீதி நேரத்தில் பாட்டு, கதை, வெளி ஓட்டம், சாப்பாடு. சாமான்களை எடுத்து வைப்பதற்கும் நேரம் விடுங்கள். எதை எங்கே வைப்பது என்று வகைபிரிப்பதும் கணக்குதான்.

படி 5: விளையாட்டுக்குள் நுழையும் கலை

இந்தப் படிதான் கடினமானது. எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதற்குப் போதுமான நேரம் கொடுப்பதில்லை என்பது என் மனக்குறை.

கட்டை மூலையில் இரண்டு பையன்கள் லாரி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே நாள் முழுவதும் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடுகின்றன. பையன்கள் வேறு எதைச் செய்வார்கள்? நீளப் பலகை ஒன்று, அதன் மேல் கசக்கிய சிவப்புத் தாள் உருண்டைகள். அதைத் தள்ளினால் உருண்டைகள் சரிந்து விழுகின்றன. ஆசிரியைக்கு அந்த நேரத்தில் வாய் துறுதுறுக்கும்: "பக்கத்தில் பலகை வை, விழாது." அதைச் சொன்ன நொடியே பையன்களின் சிக்கலை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். "இது என்ன நிறம்? எத்தனை உருண்டை?" என்று கேட்பது இன்னும் மோசம். லாரிக்காரனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: "ஒவ்வொரு முறையும் வளைவில் திரும்பும்போதுதான் குலை விழுகிறது." பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பையன் ஓரத்தில் கட்டை அடுக்குவான். இன்னொருவன் குலையைக் குறைப்பான். யார் சொன்னது சரி என்று அவர்களே தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இதன் பிறகுதான் உங்கள் முறை. ஒரு வேடத்தோடு உள்ளே போங்கள்: "லாரி ஆலைக்கு வந்துவிட்டதா? எடை போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சீட்டு எங்கே?" பழைய தராசை எடுத்து வையுங்கள். சின்னத் தாள்களையும் பென்சிலையும் பக்கத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாராவது ஒரு பிள்ளை கணக்கெழுதும் கிராணியாகிவிடும். அது தாளில் கோணல் கோடுகளாகக் கிறுக்கும். நடுவில் 4 என்று தலைகீழாக ஓர் எண் இருக்கும். கீழே தன் பெயரின் முதல் எழுத்தைக் கையெழுத்தாகப் போடும். லாரிக்காரன் சீட்டை வாங்கிப் பார்த்து, "இதில் என் பெயர் இல்லையே" என்று சண்டைக்கு நிற்பான். அப்போது கிராணி உங்களிடம் ஓடிவந்து, "இவன் பெயரை எப்படி எழுதுவது, டீச்சர்?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும். எழுத்து வேண்டும் என்ற தேவை விளையாட்டுக்குள்ளிருந்தே எழுந்துவிட்டது. இப்போது சொல்லிக் கொடுங்கள், நேரடியாகவே, நன்றாகவே. விளையாட்டுவழிக் கல்வி என்றால் ஆசிரியை எதையும் சொல்லித்தரக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்ட பிள்ளைக்குக் கேட்ட நேரத்தில் சொல்லித்தராமல் இருப்பது வீம்பு.

எல்லா விளையாட்டிலும் நுழையவும் வேண்டாம். பிள்ளைகள் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தால் தள்ளி நின்று காது கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிட்டால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

படி 6: எழுத்துக்கும் எண்ணுக்கும் வழி

ஐந்து வயதில் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது. பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் பிள்ளை பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. மாவு பிசைதல், ஈரத்துணி பிழிதல், துணிக் கிளிப் மாட்டுதல், மணி கோத்தல் ஆகியவை விரலுக்கு வலு தரும். பிள்ளைகள் பிசைந்த மாவிலேயே ஒரு நாள் சப்பாத்தி சுட்டுக் கொடுங்கள், வருகைப் பதிவு நிறைந்திருக்கும்.

கோலம் நம் கையிலிருக்கும் சொத்து. புள்ளியை வரிசையாக வைப்பது எண். புள்ளியைச் சுற்றி வளைப்பது எழுத்துக்கு முந்திய பயிற்சி. தமிழ் எழுத்தின் சுழியும் வளைவும் கோலத்தில் அப்படியே இருக்கின்றன. முற்றத்தில் சாக்கட்டியால் பெரிதாக, தோளிலிருந்து கையை வீசி வரையட்டும். பெரிய அசைவு வந்த பிறகுதான் சின்ன அசைவு வரும்.

247 எழுத்து என்று அட்டவணையை மாட்டிப் பயமுறுத்த வேண்டாம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் பிடிபட்டால் மீதி பெரும்பாலும் சேர்க்கைதான். எழுதுவதற்கு ட, ப, ம போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குவது கைக்கு எளிது. இ, ஞ, ண பிறகு வரட்டும். எழுதுவதற்கு முன் காது பழக வேண்டும். "ம என்று தொடங்கும் பெயர் உள்ளவர்கள் மட்டும் செருப்புப் போடலாம்" என்று வரிசையில் நிற்கும்போது சொன்னால், யாரும் அதைப் பாடமாகவே நினைக்கமாட்டார்கள்.

எண்ணுக்குப் பல்லாங்குழி. ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போட்டுக்கொண்டே போவதில், ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது விரலிலேயே ஏறிவிடும். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் இதையே சற்று மாற்றி சொங்காக் என்று விளையாடுகிறார்கள். பாட்டிகளில் ஒருவரை வாரம் ஒரு முறை வந்து ஆடச் சொல்லுங்கள். முத்துகளை ஆசிரியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், வாயில் போட்டுவிடாமல்.

படி 7: மூன்று மொழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டு மொழி தமிழ் என்றால் கதையும் யோசனையும் தமிழில் இருக்கட்டும். தமிழில் வலுவாகப் பேசும் பிள்ளைக்கு மற்ற மொழிகள் ஏறும். மலாயையும் ஆங்கிலத்தையும் வேடத்தோடு சேருங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடை விளையாட்டில் வாங்க வருபவர் மலாயில் விலை கேட்கட்டும்: "பெராப்பா?" (எவ்வளவு?) கடைக்காரப் பிள்ளை ரிங்கிட்டில் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியையும் கலந்து பேசுவதை ஆசிரியை மட்டுமாவது தவிர்க்கலாம்.

படி 8: சண்டை வரும், வரட்டும்

மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல், பிள்ளைகள் கூடி விளையாடுவது படிப்படியாக வருகிறது என்று எழுதினார். தனியாக விளையாடுவது, நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஆடுவது, கலந்து ஆடுவது, பிறகுதான் ஒத்துழைத்து ஆடுவது. நான்கு வயதுப் பிள்ளை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தால், "போ, போய் அவர்களோடு சேர்" என்று தள்ளாதீர்கள். அது பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலை. மாதக் கணக்கில் அப்படியே இருந்தால், கேட்டல் குறையோ வேறு சிரமமோ இருக்கிறதா என்று ஊர்ச் சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பொருளுக்காகச் சண்டை வந்தால் பிடுங்கி அலமாரியில் வைக்காதீர்கள். இருவருக்கும் நடுவில் மண்டியிட்டு, "இரண்டு பேருக்கும் இதே லாரி வேண்டும், லாரியோ ஒன்றுதான்; என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அடித்தால் உடனே கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதில் பேச்சுவார்த்தை கிடையாது.

படி 9: சுத்தமும் பாதுகாப்பும்

கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்புக்கே வரும். காலையில் வாசலிலேயே உள்ளங்கையையும் வாயையும் பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வாயில் போகும் விளையாட்டுப் பொருள்களை அன்றாடம் கழுவுங்கள், மற்றவற்றை வாரந்தோறும். தண்ணீர்த் தொட்டியையும் டின்களையும் மாலையில் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு வாரம் நின்ற நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். டிங்கி வந்த பிறகு தண்ணீர் விளையாட்டையே குற்றம் சொல்வார்கள். மணல் தொட்டிக்கு மூடி போடுங்கள், பூனைக்கு அது கழிப்பறை.

படி 10: எழுதி வையுங்கள், ஆண்டிறுதியில் கைமாற்றுங்கள்

விளையாட்டுவழியில் படிக்கும் பிள்ளையின் வளர்ச்சி மதிப்பெண்ணில் தெரியாது. எனவே பெற்றோர் கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகள் என்று முறை வைத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். "நன்றாக விளையாடினான்" என்பதில் ஒன்றும் இல்லை. "ஆறு மூடி கேட்டதற்கு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் கொடுத்தான், ஏழு கேட்டபோது தடுமாறினான்" என்று எழுதினால் நாளைக்கு என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். கிறுக்கிய எடைச் சீட்டுகளைத் தேதி போட்டுக் கோப்பில் சேருங்கள். தலைகீழ் 4 நிமிர்ந்து நிற்கும் நாளைப் பாட்டியே கோப்பில் கண்டுபிடிப்பார்.

ஆண்டின் நடுவில் ஒருவராவது வந்து, "பக்கத்துப் பாலர் பள்ளியில் பயிற்சிப் புத்தகம் மூன்று முடித்துவிட்டார்களாம்" என்று நிற்பார். வாதம் செய்யாதீர்கள். ஒரு காலை முழுவதும் மூலையில் உட்கார்ந்து தன் பிள்ளையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்ததை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதையும் அந்தப் பிள்ளையின் கோப்பிலேயே வையுங்கள்.

ஆண்டு முடியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: பிள்ளை தானாகச் செய்வது, உதவியோடு செய்வது, எதைக் கண்டால் முகம் மலர்கிறது, எதற்குப் பயப்படுகிறது, வீட்டில் என்ன மொழி, பகலில் யார் பார்த்துக்கொள்கிறார். கோப்பிலிருந்து இரண்டு சீட்டுகளை அதோடு இணையுங்கள், ஒன்று தொடக்கத்தில் கிறுக்கியது, மற்றது கடைசி மாதத்தில் எழுதியது. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பெற்றோருக்கு. மற்றதைப் பெற்றோரின் ஒப்புதலோடு, பிள்ளை சேரப்போகும் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு ஆசிரியரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அலுவலகத்தில் விட்டுவந்தால் அங்கேயே கிடக்கும்.